சிக்காகோ படத்தில் சில விநாடி வந்துபோகும் அந்த அம்மா

கேள்வி இதுதான்: “2002ல் வந்த சிக்காகோ படத்தில், சிறைக் காட்சியில் ஒரு வயதான பெண் கண் இமைக்கும் நேரம் வந்துபோகிறார். வெல்மா வேடத்தை மேடையில் முதன்முதலில் நடித்தவர் அவர்தான் என்கிறார்கள். அப்படியானால் படத்தில் அவருக்கு இவ்வளவுதானா? ஒரு பிராட்வே நடிகையின் வாழ்க்கை கடைசியில் இப்படித்தான் முடியுமா?”

அவர் பெயர் சீட்டா ரிவேரா. முதல் எழுத்தை ‘ச்சீ’ என்று அழுத்திச் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியவில்லை. அந்தப் படம் வெளிவந்தபோது அவருக்கு 69 வயது. அதற்குப் பிறகும் நான்கு நாடகங்களில் பிராட்வே (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்) மேடை ஏறினார். கடைசியாக ஏறியபோது வயது 82.

மற்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். ஏனென்றால் அவருக்கு இப்படி நடந்தது ஒரு முறை அல்ல, மூன்று முறை. அவர் மேடையில் உருவாக்கிய மூன்று பெரிய வேடங்கள் அவர் காலத்தில் சினிமாவுக்குப் போனபோது மூன்றுமே வேறு நடிகைகளிடம் போயின. அதில் இரண்டு பேர் ஆஸ்கர் வாங்கினார்கள். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் அனிட்டாவாக ரீட்டா மொரேனோ, சிக்காகோவின் வெல்மாவாக கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ். இதைக் கேட்டதும் எல்லாரும் “ஐயோ பாவம்” என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்ல, ஆரம்பத்திலிருந்தே வர வேண்டும்.

1933 ஜனவரியில் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். அப்பா போர்ட்டோ ரிக்கோக்காரர், அமெரிக்கக் கடற்படை இசைக்குழுவில் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்தவர். சீட்டாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அம்மா அரசாங்க வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தார். வீட்டுக்குள் ஓடிக் குதித்துக்கொண்டிருந்த பெண் ஒருநாள் குதித்த குதியில் காப்பி மேசையை உடைத்துவிட, “இந்த ஆட்டத்தைப் போய் எங்காவது ஒழுங்காகக் கற்றுக்கொள்” என்று அம்மா பாலே வகுப்பில் சேர்த்துவிட்டாராம். ஒரு மேசையின் விலையில் கிடைத்த தொழில்!

சேர்த்த இடம் ஜோன்ஸ்-ஹேவுட் பாலே பள்ளி. டோரிஸ் ஜோன்ஸ், கிளேர் ஹேவுட் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் 1941ல் தொடங்கியது. அன்றைய வாஷிங்டனில் கறுப்பினக் குழந்தைகளுக்கு மற்றப் பாலே பள்ளிகளின் கதவு திறக்காது என்பதால் வந்த பள்ளி அது. அங்கிருந்து நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலேவுக்குத் தேர்வு. தேர்வு செய்தவர் ஜார்ஜ் பாலன்ஷீன். இருபதாம் நூற்றாண்டின் பாலேவையே மாற்றி எழுதிய மனிதர். சீட்டாவுக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆக, அவர் பாதை சுத்தமான பாலே பாதை. பாட்டு நாடகம் கணக்கிலேயே இல்லை.

1952ல் ஒரு தோழி ‘கால் மீ மேடம்’ என்ற நாடகத்தின் ஊர் ஊராகப் போகும் குழுவுக்குத் தேர்வு எழுதப் போனார். அமெரிக்க வழக்கில் அது ‘ஆடிஷன்’, ஆடிக் காட்ட வேண்டும், பாடிக் காட்ட வேண்டும். துணைக்குப் போன சீட்டாவும் சும்மா ஆடிக் காட்டினார். வேலை இவருக்குக் கிடைத்துவிட்டது. நடனம் அமைத்தவர் ஜெரோம் ராபின்ஸ். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

அப்புறம் சில வருடங்கள் கோரஸில் காலம் போனது. அதாவது பின்வரிசை ஆட்டக்காரர். ‘கைஸ் அண்ட் டால்ஸ்’, ‘கான்-கான்’ என்று. கான்-கானில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர் க்வென் வெர்டன், பிராட்வே கண்ட மிகச் சிறந்த நடனக்காரிகளில் ஒருவர். வெர்டனைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றதைச் சீட்டா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் வரை அவர் பெயர் கொஞ்சிட்டா டெல் ரிவேரோ. விளம்பரப் பலகைக்கு நீளம் என்று சுருங்கி சீட்டா ரிவேரா ஆனது. 1956ல் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியரோடு ‘மிஸ்டர் வொண்டர்ஃபுல்’. இதுவரைக்கும் நல்ல வளர்ச்சி, ஆனால் இப்படி வளர்ந்த பெண்கள் அன்றைய நியூயார்க்கில் நூறு பேர் இருந்திருப்பார்கள்.

1957ல் எல்லாம் மாறியது.

வெஸ்ட் சைட் ஸ்டோரியின் கதை தெரிந்திருக்கும்: ரோமியோ ஜூலியட்டை நியூயார்க் தெருச் சண்டைக்குள் இறக்கியது. ஒரு பக்கம் ஜெட்ஸ், வெள்ளைக்காரப் பையன்கள். இன்னொரு பக்கம் ஷார்க்ஸ், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். ஷார்க்ஸ் தலைவனின் காதலி அனிட்டா. இயக்கமும் நடனமும் அதே ஜெரோம் ராபின்ஸ். இசை லெனார்ட் பெர்ன்ஸ்டைன். பாட்டு எழுதியவர் அன்று யாருக்கும் தெரியாத 27 வயது ஸ்டீபன் சோண்ட்ஹைம். பொதுவாக நான்கு வாரம் ஒத்திகை நடக்கும். ராபின்ஸ் எட்டு வாரம் கேட்டு வாங்கினார். இரண்டு கும்பலாக நடித்தவர்களை ஒத்திகைக்கு வெளியிலும் ஒன்றாகப் பழகவிடவில்லை, சாப்பிடும்போது கூடத் தனித்தனி. மேடையில் தெரிய வேண்டிய பகையைச் சாப்பாட்டு மேசையிலிருந்தே வளர்த்தார் என்று சொல்லலாம். (சீட்டா இதைக் காப்பாற்றவில்லை. ஜெட்ஸ் பக்கம் ஆடிய டோனி மோர்டென்டேயை அந்த டிசம்பரிலேயே கல்யாணம் செய்துகொண்டார்.)

தான் நடனக்காரி, பாடகி இல்லை என்றே அதுவரை அவர் நினைத்திருந்தார். அனிட்டாவின் பாட்டுகளைப் பெர்ன்ஸ்டைனே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். குறிப்பாக, காதலனைப் பறிகொடுத்த அனிட்டா, அவன் தங்கை மரியாவிடம் ஆத்திரத்தில் பாடும் பாட்டு. அது கீழ்ஸ்தாயியில், தொண்டை கிழிகிற மாதிரி வரவேண்டிய பாட்டு. இசைத்தட்டில் கேட்டால் அழகான குரல் என்று சொல்லமாட்டீர்கள். கரகரப்பான, உடம்பிலிருந்து வருகிற குரல். நடனக்காரி பாடினால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். மூச்சு எங்கே வாங்குகிறாள் என்பது கூடத் தாளத்துக்குள் இருக்கிறது.

செப்டம்பர் 26ஆம் தேதி வின்டர் கார்டன் அரங்கில் தொடக்கம். 24 வயதில் சீட்டா நட்சத்திரம். அடுத்த வருடம் லண்டனில் போட வேண்டும் என்று திட்டம் வந்தபோது அவர் கர்ப்பிணி. தயாரிப்பாளர்கள் வேறு ஆள் தேடவில்லை. குழந்தை பிறக்கும் வரை காத்திருந்தார்கள். ஜூலையில் மகள் லிசா பிறந்தாள், டிசம்பரில் லண்டனில் திரை ஏறியது. ஒரு துணைக் கதாபாத்திரத்துக்காக ஒரு பெரிய தயாரிப்பே காத்திருந்தது என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்த வருட டோனி விருதுக்கு (மேடை நாடகத்துக்கு ஆஸ்கர் மாதிரி) அவர் பெயர் பரிந்துரையில் கூட இல்லை. பின்னால் 10 முறை பரிந்துரை வாங்கியவருக்கு அனிட்டாவுக்காக ஒன்றும் இல்லை!

அடுத்து 1960 ஏப்ரலில் ‘பை பை பேர்டி’. எல்விஸ் பிரெஸ்லி மாதிரி ஒரு பாடகன் ராணுவத்துக்குப் போவதை வைத்து நையாண்டி. சீட்டா அதில் ரோஸி, அந்தப் பாடகனின் மேலாளரிடம் எட்டு வருடமாகச் செயலாளராகவும் காதலியாகவும் இருந்து அலுத்துப்போனவள். மேலாளராக டிக் வான் டைக். இது முழு நீளக் கதாநாயகி வேடம், சிரிக்கவைக்கவும் வேண்டும். 607 காட்சிகள் ஓடியது.

இப்போது முதல் ‘நழுவல்’. வெஸ்ட் சைட் ஸ்டோரி படப்பிடிப்பு 1960ல் தொடங்கியது. சீட்டா அப்போது வாரத்துக்கு எட்டுக் காட்சி பேர்டியில் ஆடிக்கொண்டிருந்தார். கணவர் மோர்டென்டே அந்தப் படத்தில் இருக்கிறார், மனைவி இல்லை. படத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு செய்தி: ‘அமெரிக்கா’ என்ற அந்தப் பிரபலமான பாட்டு, மேடையில் பெண்கள் மட்டுமே தங்களுக்குள் வாக்குவாதம் செய்து ஆடுவது. படத்தில்தான் ஆண்களும் பெண்களும் எதிரெதிராக நின்று பாடுவார்கள். ஆக ரீட்டா மொரேனோ செய்தது சீட்டா செய்ததன் நகல் இல்லை, வேறு ஒன்று. அவர் அருமையாகவே செய்தார். வேடிக்கை என்னவென்றால், பிறகு பல வருடங்களுக்குத் தெருவில் பார்ப்பவர்கள் சீட்டாவிடம் வந்து ரீட்டா என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போவார்களாம்.

1963ல் பேர்டி படமானபோது டிக் வான் டைக்கை வைத்துக்கொண்டார்கள், சீட்டாவை எடுத்துவிட்டு ஜேனட் லீயைப் போட்டார்கள். ‘சைக்கோ’வில் குளியலறையில் கொலையாவாரே, அவர். பொன்னிறக் கூந்தல்காரிக்குக் கறுப்பு விக் வைத்து ரோஸி ஆக்கினார்கள். இது எனக்கு இன்றும் உறுத்தும் ஒன்று. இதில் தேதி மோதல் என்ற சாக்குக் கூடக் கிடையாது. ஹாலிவுட்டுக்கு டிக்கெட் விற்கும் முகம் வேண்டும். மேடையில் பத்தாவது வரிசையில் இருப்பவனையும் பிடித்திழுக்கிற உடம்பு, கேமரா அருகில் வரும்போது அதே வேலையைச் செய்யும் என்று தயாரிப்பாளர்கள் நம்புவதில்லை. அதோடு அது போர்ட்டோ ரிக்கோ முகம் என்பதும் அந்தக் காலத்துக் கணக்கில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இங்கே ஒன்று விளக்க வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. பிராட்வேயில் ஒரு வேடத்தை ‘முதலில் நடித்தவர்’ என்றால் அது வெறும் வரிசை எண் இல்லை. புது நாடகம் எழுதி முடிந்து அச்சாகி நடிகை கைக்கு வருவதில்லை. ஒத்திகையில் பாதி, வெளியூர் வெள்ளோட்டத்தில் பாதி என்று எழுதப்படுகிறது. வாஷிங்டனில், பிலடெல்பியாவில் போட்டுப் பார்த்து, இரவு முழுக்கத் திருத்தி, மறுநாள் மத்தியானம் புதுப் பாட்டைக் கையில் கொடுப்பார்கள். இந்த நடிகையின் குரல் எந்தச் சுருதியில் நன்றாக இருக்கிறது, கால் எவ்வளவு உயரம் போகும், எந்த வசனத்தில் சிரிப்பு வாங்குகிறாள் என்று பார்த்துப் பார்த்துத்தான் பாட்டும் அடவும் வெட்டித் தைக்கப்படுகின்றன. அதன்பின் யார் அந்த வேடத்தைப் போட்டாலும் முதல் ஆளின் அளவுக்குத் தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். ரீட்டா மொரேனோவும் ஸீட்டா-ஜோன்ஸும் போட்டது சீட்டாவின் அளவுச் சட்டை.

சரி, சிக்காகோவுக்கு வருவோம்.

இதன் மூலம் 1926ல் வந்த ஒரு நாடகம். சிக்காகோ டிரிப்யூனில் நிருபராக இருந்த மொரீன் டாலஸ் வாட்கின்ஸ், தான் செய்தி சேகரித்த கொலை வழக்குகளை வைத்து எழுதியது. க்வென் வெர்டன் அதைப் பாட்டு நாடகமாக்க வேண்டும் என்று வருடக்கணக்காக ஆசைப்பட்டார். வாட்கின்ஸ் உரிமை கொடுக்கவே இல்லை. அவர் 1969ல் இறந்த பிறகுதான் கிடைத்தது. இயக்குநர் பாப் ஃபாஸி, வெர்டனின் கணவர், அப்போது பிரிந்து வாழ்ந்தவர். இசை ஜான் கேண்டர், பாட்டு ஃபிரெட் எப். கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருக்கும் இரண்டு பெண்கள்தான் கதை: ராக்ஸியாக வெர்டன், வெல்மாவாக சீட்டா. கான்-கானில் முன்வரிசையும் பின்வரிசையுமாக இருந்தவர்கள் இருபது வருடம் கழித்து ஜோடி.

ஒத்திகை தொடங்கிய வேகத்தில் ஃபாஸிக்கு மாரடைப்பு, இதய அறுவை சிகிச்சை. எல்லாம் மாதக்கணக்கில் நின்றது. கடைசியில் 1975 ஜூன் 3ஆம் தேதி திரை எழுந்தது. வெர்டனுக்கு 50, சீட்டாவுக்கு 42. நடனக்காரிகளுக்கு அது ஓய்வு பெறும் வயது. கடைசிக் காட்சியில் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று ஆடுவதைப் பார்த்தவர்கள் அதைப் பற்றி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சில வாரத்திலேயே வெர்டனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வர, பாடகியும் நடிகையுமான லைசா மின்னெல்லி ஓடி வந்து ராக்ஸி வேடத்தைத் தாங்கிப்பிடித்தார். சீட்டா வழக்கம்போல எட்டுக் காட்சி ஆடினார்.

அந்த வருடம் ‘எ கோரஸ் லைன்’ என்ற புயல் அடித்தது. டோனியில் சிக்காகோ 11 பரிந்துரை, ஒன்று கூட ஜெயிக்கவில்லை. 936 காட்சிகளோடு முடிந்தது. கசப்பான நாடகம், காலத்துக்கு முன்னால் வந்துவிட்டது என்றார்கள். 1996ல் மறுபடி போட்டார்கள். அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மறுபதிப்பின் லண்டன் மேடையில் சீட்டாவே நடித்தார், இந்த முறை வெல்மாவாக இல்லை, ராக்ஸியாக! வெர்டனின் வேடத்தில்.

எண்பதுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1981ல் பேர்டிக்கு இரண்டாம் பாகம் என்று ஒன்று எடுத்தார்கள். நான்கே காட்சியில் மூடப்பட்டது. நான்கு காட்சி ஓடிய நாடகத்துக்கும் சீட்டாவுக்கு டோனி பரிந்துரை வந்தது என்பதுதான் அதைப் பற்றிச் சொல்லத்தக்க ஒரே விஷயம். 1984ல் கேண்டரும் எப்பும் ‘தி ரிங்க்’ எழுதினார்கள். சறுக்கு விளையாட்டு அரங்கு நடத்தும் அம்மாவாக சீட்டா, ஓடிப்போய்த் திரும்பி வரும் மகளாக லைசா மின்னெல்லி. டிக்கெட் விற்றது லைசா பெயரில். இருவருக்கும் ஒரே விருதுக்குப் பரிந்துரை. முதல் டோனி, 51 வயதில், அம்மாவுக்குக் கிடைத்தது.

1986 ஏப்ரலில் மன்ஹாட்டனில் அவர் ஓட்டிய காரில் ஒரு டாக்சி மோதியது. இடது கால் 12 இடங்களில் உடைந்தது. 53 வயது. உலோகத் தகடும் திருகாணியும் வைத்துக் கட்டினார்கள். நடப்பாரா என்பதே கேள்வியாக இருந்த இடத்திலிருந்து, மாதக்கணக்கில் உடற்பயிற்சி செய்து, 1988ல் கான்-கான் நாடகத்தோடு ஊர் ஊராகப் போனார். முதன்முதலில் கோரஸில் நின்று ஆடிய அதே கான்-கான்.

ஆனால் பழைய உயரத்துக்குக் கால் போகாது. எனக்கு அவருடைய வாழ்க்கையிலேயே பிடித்த கட்டம் இதற்கு அப்புறம் வருவது. 1993 மே மாதம், ‘கிஸ் ஆஃப் தி ஸ்பைடர் வுமன்’. அர்ஜென்டினா எழுத்தாளர் மனுவெல் புயிக்கின் நாவல். சிறையில் இரண்டு கைதிகள். சித்திரவதையைத் தாங்கிக்கொள்ள ஒருவன் தான் பார்த்த பழைய சினிமாக்களைச் சொல்கிறான். அந்தச் சினிமாக்களின் நாயகி அரோரா அவன் கற்பனையில் வந்து ஆடுகிறாள். அவளுக்கு இன்னொரு முகம் உண்டு: முத்தமிட்டால் உயிர் போகும் சிலந்திப் பெண். சாவு. 60 வயதில், தகடு வைத்த காலோடு, சீட்டா மேடையை நிறைத்த வலையில் நின்று பாடினார். முன்பு ஒரு துள்ளலில் செய்ததை இப்போது தோள்பட்டையின் ஒரு திருப்பத்தில் செய்தார். வேகம் குறைந்த இடத்தில் அசையாமல் நிற்கும் திறமை வந்துவிட்டது. இரண்டாவது டோனி.

நடன அமைப்பில் பங்குபெற்றவர்களில் ஒருவர் ராப் மார்ஷல். தி ரிங்க்கில் இளம் ஆட்டக்காரராக வேலை பார்த்தவர். ஒன்பது வருடம் கழித்து சிக்காகோ படத்தை இயக்கியவர் அவரேதான். இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வந்துவிட்டோம். வெல்மா வேடத்துக்குச் சினிமாவில் எழுபதை நெருங்கியவரைப் போட முடியாது. அது யாருக்கும் வருத்தம் தரும் விஷயமே இல்லை. அந்தச் சில விநாடிகள், தன்னை வளர்த்த குழுவின் மூத்தவரை வாசலில் நிறுத்தி வணக்கம் சொல்லும் மார்ஷலின் வழி. கடைசிப் பெயர்ப்பட்டியலில் அவர் கதாபாத்திரத்தின் பெயர் நிக்கி. 1969ல் ஃபாஸி இயக்கிய ‘ஸ்வீட் சேரிட்டி’ படத்தில் சீட்டா நடித்த பாத்திரத்தின் பெயரும் நிக்கி. தெரிந்தவர்களுக்கு மட்டும் போட்ட ஒரு கண் சிமிட்டல். அந்தப் படத்தில் கூட ஒரு நழுவல் இருக்கிறது, ஆனால் சீட்டாவுக்கு இல்லை: மேடையில் சேரிட்டியாக நடித்த வெர்டனை விட்டுவிட்டு ஷெர்லி மெக்லேனைப் போட்டார்கள். பிராட்வேயில் இது தனி ஒருவரின் துரதிர்ஷ்டம் அல்ல.

கடைசி வேடம் ‘தி விசிட்’. சுவிஸ் நாடக ஆசிரியர் டூரன்மாட்டின் நாடகத்தைக் கேண்டரும் எப்பும் பாட்டாக்கியது. தன்னைக் கைவிட்ட காதலனைக் கொன்றால் ஊருக்கே கோடிக்கணக்கில் தருகிறேன் என்று திரும்பி வரும் கிழவி கிளேர். அவளுக்கு ஒரு கால் செயற்கைக் கால். முதலில் ஆஞ்சலா லான்ஸ்பரி நடிப்பதாக இருந்தது. கணவரின் உடல்நலக் குறைவால் அவர் விலக, சீட்டாவுக்கு வந்தது. 2001ல் சிக்காகோ நகரில் முதல் அரங்கேற்றம், செப்டம்பர் தாக்குதல் நடந்த சில வாரங்களில். நியூயார்க்கிலிருந்து தயாரிப்பாளர்கள் வந்து பார்க்கவில்லை. 2008ல் இன்னொரு முயற்சி, 2014ல் இன்னொன்று. இடையில், 2004ல், ஃபிரெட் எப் இறந்துபோனார். 14 வருடம் அந்த வேடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்து 2015ல் பிராட்வேக்குக் கொண்டு வந்தார்கள். 61 காட்சிகள்தான் ஓடியது. பத்தாவது டோனி பரிந்துரை.

2002ல் கென்னடி மையத்தின் கௌரவம், 2009ல் ஒபாமா கையால் அதிபரின் சுதந்திரப் பதக்கம், 2018ல் வாழ்நாள் சாதனைக்கான டோனி எல்லாம் வந்தன. 2024 ஜனவரி 30ஆம் தேதி நியூயார்க்கில் காலமானார், 91 வயதில்.

பார்க்க வேண்டும், கேட்க வேண்டும் என்றால் ஸ்வீட் சேரிட்டி படத்திலிருந்து தொடங்குங்கள்; முப்பதுகளின் நடுவில் அவர் ஆடுவதைப் பெரிய திரைக்கான கேமராவில் பார்க்க அதுதான் வழி. சிக்காகோவுக்கும் சிலந்திப் பெண்ணுக்கும் நாடகக் குழுவே பாடிய இசைத்தட்டுகள் உண்டு. பிராட்வே நாடகங்களைப் படம்பிடித்துச் சேமிக்கும் பிரிவு நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது, ஆனால் அதை 1970ல்தான் தொடங்கினார்கள். அதனால் அனிட்டாவுக்கு இசைத்தட்டை விட்டால் கதி இல்லை. நாடகம் தொடங்கி மூன்றாம் நாள், 1957 செப்டம்பர் 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் ஒரே நாளில் பாடி முடித்தது. ‘அமெரிக்கா’ பாட்டை நல்ல ஒலிபெருக்கியில் போட்டுக் கேளுங்கள்.